கர்ப்பகால இரத்த அழுத்தம்: தளர்வுப் பயிற்சி செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. ஈரோட்டில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இது தலைப்பிரசவம், இப்போது 27 வாரம் முடிந்திருக்கிறது. 24-ஆம் வாரப் பரிசோதனையில் இரத்த அழுத்தம் 148/94 இருந்தது. உட்காரவைத்து மறுபடி பார்த்தும், மறுநாள் வரச்சொல்லிப் பார்த்தும் 140-க்குக் கீழே இறங்கவில்லை. சிறுநீரில் புரதம் இல்லை என்றார்கள். லேபெட்டலால் 100 மில்லிகிராம் மாத்திரையைக் காலையும் இரவும் எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக் கருவியில் 130/84 போல வருகிறது. மருத்துவமனைக்குப் போனால் ஏறிவிடுகிறது. என் அக்காவுக்குத் தலைப்பிரசவத்தில் வலிப்பு வந்து, குழந்தையும் தங்கவில்லை. அதனால் எனக்குப் பயம். இரவில் தூக்கம் வருவதில்லை. தினமும் மூச்சுப் பயிற்சியும் தளர்வுப் பயிற்சியும் செய்தால் 21 நாளில் மாத்திரையே தேவைப்படாது என்று சொல்லும் காணொளி ஒன்றை நாத்தனார் அனுப்பியிருக்கிறார். மாத்திரை குழந்தைக்கு ஆகாது என்று மாமியாரும் சொல்கிறார். அம்மாவோ உப்பில்லாத சாப்பாடு கொடுத்து, கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தளர்வுப் பயிற்சியை இன்றைக்கே தொடங்குங்கள், மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுபோல உங்கள் வீட்டில் பேச்சு நடப்பதாகத் தெரிகிறது. இரண்டும் செய்கிற வேலை வேறு வேறு என்பது விளங்கிவிட்டால் இந்த வாக்குவாதத்துக்கே இடமிருக்காது.

கர்ப்பத்தின் 20-ஆம் வாரத்துக்குப் பிறகு, குறைந்தது 4 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை அளந்தும் அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்து, சிறுநீரில் புரதமோ வேறு உறுப்புப் பாதிப்போ இல்லாவிட்டால், அதைக் கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் என்கிறோம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இன்றைக்கு நீங்கள் இந்த இடத்தில் இருக்கிறீர்கள். இதோடு புரதம் வெளியேறுவதோ, இரத்தத் தட்டணுக்கள் குறைவதோ, கல்லீரல், சிறுநீரகம் பாதிக்கப்படுவதோ சேர்ந்துகொண்டால் அது முன்சூல்வலிப்பு என்னும் அடுத்த கட்டம். உயர் அழுத்தம் எவ்வளவு முன்கூட்டித் தலைகாட்டுகிறதோ அவ்வளவுக்கு அந்தக் கட்டத்தை எட்டும் வாய்ப்பும் கூடுதல். உங்களுக்கு 24-ஆம் வாரத்திலேயே தொடங்கியிருக்கிறது. உடன்பிறந்த அக்காவுக்கும் வந்திருக்கிறது. உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் மருத்துவர் அடிக்கடி வரச்சொல்வதற்கும், சிறுநீரையும் இரத்தத்தையும் குழந்தையின் வளர்ச்சியையும் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கும் இதுதான் காரணம். அக்காவின் கதையை மருத்துவரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. சொல்லாவிட்டால் அடுத்த முறை முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள்.

முன்சூல்வலிப்பின் வேர் மனத்தில் இல்லை, நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கர்ப்பத்தின் முற்பகுதியில் கருப்பைச் சுவரிலுள்ள சுருள் தமனிகள் அகன்று, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக இரத்தம் பாய வழிவிட வேண்டும். அது சரியாக நடக்காதபோது, போதிய இரத்தம் கிடைக்காத நஞ்சுக்கொடி சில புரதங்களைத் தாயின் இரத்தத்தில் கலக்கவிடுகிறது. அவை உடல் முழுவதும் உள்ள இரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. ஆகவே, நீங்கள் அதிகம் கவலைப்பட்டதால் பிரஷர் வந்தது என்றோ, வேலைக்குப் போனதால் வந்தது என்றோ யார் சொன்னாலும் அதை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். கவலையால் வராத நோய், கவலையை விட்டதால் மட்டும் போய்விடாது என்பதும் இதனோடு சேர்ந்தே வருகிற உண்மை. நஞ்சுக்கொடி உடலை விட்டு நீங்குவது ஒன்றே இந்த நோய்க்கு முடிவான மருத்துவம். அதுவரை நாம் செய்வதெல்லாம் அழுத்தம் ஆபத்தான அளவுக்குப் போகாமல் பிடித்துவைத்து, குழந்தை வளர நாள் வாங்கிக் கொடுப்பதுதான்.

அப்படியானால் தளர்வுப் பயிற்சிக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பயமும் பதற்றமும் எழும்போது பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொண்டு அட்ரீனலின் போன்ற சுரப்புகளை வெளியேற்றுகிறது; இதயம் வேகமாகத் துடிக்கிறது, சிறு தமனிகள் இறுகுகின்றன, அழுத்தம் ஏறுகிறது. ஏற்கெனவே நோயினால் உயர்ந்து நிற்கும் அழுத்தத்தின் மேல் இது இன்னொரு அடுக்காக ஏறி உட்காருகிறது. தளர்வுப் பயிற்சி கை வைப்பது இந்த மேலடுக்கில்தான். எந்த ஊர்க் கர்ப்பிணிகள் புறநோயாளிப் பிரிவிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு பேருந்து மாறி வந்து, சீட்டு வாங்க வரிசையில் நின்று, மாடிப்படி ஏறி வந்து, கையில் சிறுநீர்க் குப்பியோடு உட்கார்ந்த உடனே அளந்தால் 150-ஐத் தொடுகிற ஒரு பெண்ணுக்கு, கழிவறைக்குப் போய்வந்து, முதுகைச் சாய்த்துக்கொண்டு பத்து நிமிடம் பேசாமல் இருந்த பிறகு அளந்தால் 136 வரும். அந்த வித்தியாசம் முழுவதும் உடல் பதறியதன் கணக்கு. மருத்துவமனைக்குப் போனால் ஏறிவிடுகிறது என்று நீங்கள் சொல்வதிலும் இதன் பங்கு இருக்கும். ஆனால் உங்களுக்கு ஓய்வுக்குப் பிறகும், மறுநாளும் இறங்கவில்லையே. அந்த மீதிதான் நோய்.

ஆய்வுகள் சொல்வதையும் பார்த்துவிடலாம். உயர் அழுத்தமுள்ள 60 கர்ப்பிணிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு 1984-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. தளர்வுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கும், அதோடு உடல் மாற்றங்களைக் கருவி வழியே அறிந்து பழகும் முறையைச் சேர்த்துப் பெற்றவர்களுக்கும், எதுவும் பெறாதவர்களைவிட அழுத்தம் குறைவாகவே ஏறியது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய தேவையும் குறைந்தது. குறைவாக ஏறியது என்ற சொல்லைக் கவனியுங்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அழுத்தம் இயல்பாகவே சற்று ஏறும். பயிற்சி அந்த ஏற்றத்தைத் தணித்தது, நோயை அகற்றவில்லை. 2010-இல் கனடாவில் 69 பெண்களைக் கொண்டு நடந்த ஒரு சிறு ஆய்வில், அமைதியான ஒரு காட்சியை மனத்தில் கற்பனை செய்யும் மனக்காட்சிப் பயிற்சி செய்தவர்களையும் வெறுமனே அமைதியாக ஓய்வெடுத்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முதலில் பயிற்சிக்குச் சாதகமாகத் தெரிந்த வேறுபாடு, கர்ப்ப வாரத்தையும் தொடக்க அழுத்தத்தையும் கணக்கில் சேர்த்ததும் உறுதியாக நிற்கவில்லை. மாத்திரையின் தேவையிலும் வேறுபாடு இல்லை.

நமக்குப் பக்கத்தில் பெங்களூரிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2005-இல் வெளியான ஒன்றில் 335 கர்ப்பிணிகள் பங்கேற்றார்கள். நாள்தோறும் ஒரு மணி நேரம் யோகப் பயிற்சி செய்த பிரிவில் எடை குறைந்த குழந்தைகளும், கர்ப்பகால உயர் அழுத்தமும் குறைவாக இருந்தன. ஆனால் அதில் பெண்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை; அதனால் வேறுபாடு யோகாவால் மட்டுமே வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆபத்து மிகுந்த கர்ப்பமுள்ள 68 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து 2012-இல் வெளியான இன்னொன்றிலும் முடிவு யோகாவுக்கு ஆதரவாகவே வந்தது. இவை இரண்டும் அழுத்தம் வராமல் தடுப்பது பற்றியவை. வந்துவிட்டவருக்கு மாத்திரைக்கு மாற்றாகப் பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தவை அல்ல. இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டால் எனக்குத் தோன்றுவது இதுதான்: பயிற்சி சில புள்ளிகள் குறைக்கலாம், தூக்கத்தையும் பதற்றத்தையும் சீராக்க உதவலாம், முறையாகச் செய்தால் கெடுதல் இல்லை. 21 நாளில் மாத்திரையை விட்டுவிடலாம் என்று சொல்ல இவற்றில் எதிலும் ஆதாரம் இல்லை. அந்தக் காணொளிக்காரர் உங்கள் சிறுநீர்ப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தவரும் அல்லர்.

மாமியாரின் கவலைக்கு வருகிறேன். கர்ப்ப காலத்தில் எந்த மாத்திரையையும் சந்தேகத்தோடு பார்ப்பது நல்ல பழக்கம்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். சாதாரண காலத்தில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் வகை மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடவே கூடாது. அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஆனால் லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகிய மூன்றும் பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பழகியவை. அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் குழந்தைக்கு இரத்தம் குறைந்து வளர்ச்சி குன்றிவிடுமோ என்ற ஐயம் மருத்துவர்களுக்கே நெடுநாள் இருந்தது. 2015-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, கட்டுப்பாட்டை இறுக்கியதால் குழந்தைகளுக்குப் பாதகம் கூடவில்லை என்றும், தாய்க்கு அழுத்தம் கடுமையாக எகிறுவது குறைந்தது என்றும் காட்டியது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே அல்லது தொடக்கத்திலேயே உயர் அழுத்தம் இருந்த 2,408 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு, 140/90-க்குக் கீழே வைத்துக்கொள்வதால் கடுமையான முன்சூல்வலிப்பும் குறைப்பிரசவமும் குறைகின்றன, எடை குறைந்த குழந்தைகள் கூடவில்லை என்று கண்டது. குழந்தைக்கு ஆகாதது கட்டுக்கு அடங்காத அழுத்தமே தவிர, நீங்கள் விழுங்கும் மாத்திரை அல்ல என்று மாமியாரிடம் சொல்லலாம். லேபெட்டலாலைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் பழைய அளவையும் தாண்டி எகிறக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரையால் தலையில் ஊசி குத்துவதுபோல ஒரு கூச்சமோ, அசதியோ இருந்தால் அது தெரிந்த பக்கவிளைவுதான்; மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றித் தருவார். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது. உங்களுக்கு எப்போதாவது இழுப்பு வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனி பயிற்சி. இதற்குப் பாயும், வகுப்பும், கட்டணமும் தேவையில்லை. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆன பிறகு, 15 முதல் 20 நிமிடம், காலையில் ஒரு முறையும் இரவு படுக்கப் போகுமுன் ஒரு முறையும் போதும். மல்லாந்து படுத்துச் செய்யக் கூடாது. 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் வயிற்றின் பின்புறம் ஓடும் பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைக்கிறது; சிலருக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வரும், குழந்தைக்குப் போகும் இரத்தமும் குறையும். யோகா வகுப்புகளில் கடைசியில் சொல்லும் சவாசனத்தைக் கர்ப்பிணிகள் இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் செய்ய வேண்டும். தலைக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு இடையே ஒன்று, வயிற்றுக்குக் கீழே மடித்த பழைய சேலை ஒன்று வைத்துக்கொண்டால் இடுப்பு இழுக்காது. படுக்க இடமில்லாத அலுவலகத்தில், முதுகு சாய்கிற நாற்காலியில் பாதங்கள் தரையில் பதிய உட்கார்ந்து செய்யலாம்.

முதல் ஐந்து நிமிடம் மூச்சு. மூக்கு வழியே மனத்துக்குள் நான்கு எண்ணும் நேரம் இழுத்து, ஆறு எண்ணும் நேரம் மெல்ல விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று வரும். இந்த வேகத்தில் மூச்சு விடும்போது, இரத்தக் குழாய்களில் அழுத்தத்தை உணர்ந்து இதயத்துக்குச் செய்தி சொல்லும் அமைப்பு கூர்மையாகிறது. இதயத்தைச் சாந்தப்படுத்தும் வேகஸ் நரம்பின் கை ஓங்குகிறது. வயிறு பெருத்திருக்கும் உங்களுக்கு ஆறு எண்ணுவது சிரமமாக இருந்தால் மூன்று எண்ணி இழுத்து, நான்கு எண்ணி விட்டாலும் பலன் உண்டு. விடும் மூச்சு இழுக்கும் மூச்சைவிட நீளமாக இருக்க வேண்டும், எங்கும் மூச்சை அடக்கி நிறுத்தக் கூடாது, இவ்வளவுதான் விதி. தலை லேசாகக் கிறுகிறுத்தால் ஆழமாக இழுக்கிறீர்கள் என்று பொருள். நிறுத்திவிட்டு வழக்கம்போல மூச்சு விடுங்கள்.

அடுத்த பத்து நிமிடம் தசைகளுக்கு. சிகாகோவைச் சேர்ந்த எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1920-களில் உருவாக்கிய முறையின் எளிய வடிவம் இது. ஒரு தசையைச் சற்று இறுக்கி, பிறகு விட்டுவிடும்போதுதான் அது எவ்வளவு இறுகியிருந்தது என்பதே நமக்குத் தெரியவருகிறது. வலது கையை முட்டி பிடித்து ஐந்து எண்ணுங்கள். பிறகு விரல்களைத் தாமே விரியவிட்டு, உள்ளங்கையில் பரவும் வெதுவெதுப்பை இருபது எண்ணும்வரை கவனியுங்கள். அதே போல இடது கை, பிறகு தோள்களைக் காது வரை தூக்கி விடுவது, நெற்றியைச் சுருக்கி விடுவது, பற்களைக் கடித்துத் தாடையைத் தொங்கவிடுவது, கடைசியில் கால்கள். நாளெல்லாம் கணினி முன்பு உட்காரும் உங்களுக்குத் தோளும் தாடையும்தான் அதிகம் இறுகியிருக்கும். அங்கே கூடுதல் நேரம் செலவிடுங்கள்.

உயர் அழுத்தமுள்ள கர்ப்பிணி இதில் மூன்று திருத்தங்கள் செய்துகொள்ள வேண்டும். முழுப் பலத்தோடு இறுக்கக் கூடாது. பலமாக இறுக்கும்போது அழுத்தம் ஏறும், ஆகையால் மூன்றில் ஒரு பங்கு பலம் போதும். இறுக்கும் நேரத்தில் மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வயிற்றுத் தசையைத் தொடவே வேண்டாம். கால் விரல்களை முன்னோக்கி நீட்டினால் நடு இரவில் வருவதுபோலக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்; அதற்குப் பதிலாகக் குதிகாலை நீட்டி, விரல்களை உங்களை நோக்கி மடக்குங்கள். அழுத்தம் 150-க்கு மேல் நிற்கும் நாட்களில் இறுக்குவதையே விட்டுவிட்டு, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை ஒவ்வோர் உறுப்பாக நினைத்து, அது தளர்கிறது என்று மனத்தால் மட்டும் போய்வந்தால் போதும்.

மீதி நேரத்துக்கு மனத்தை எங்கே வைப்பது என்பது அவரவர் விருப்பம். சிலர் பிறந்த ஊர்க் கிணற்றடியையோ ஆற்றங்கரையையோ நினைத்துக்கொள்வார்கள். இறை நம்பிக்கை உள்ளவர்களுக்கு மனப்பாடமான ஒரு பதிகமோ, ஜெபமாலையோ, திக்ரோ இன்னும் எளிது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், லத்தீன் ஜெபமாலையை உரக்கச் சொல்லும்போதும் ஒரு யோக மந்திரத்தைச் சொல்லும்போதும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்குவதைக் கண்டார்கள். அது கர்ப்பிணிகளிடம் செய்யப்பட்ட ஆய்வு அல்ல என்றாலும், மாலையில் விளக்கேற்றி உட்கார்ந்து பாடும் பாட்டிகளுக்குப் படபடப்பு ஏன் அடங்குகிறது என்பதற்கு ஓரளவு விளக்கம் கிடைக்கிறது. உங்கள் மாமியாருக்குப் பாடல்கள் தெரிந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாடச் சொல்லுங்கள். மாத்திரை விவாதத்தைவிட அது வீட்டுக்கு நல்லது.

கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள், மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகம், தலைகீழ் ஆசனங்கள், வயிற்றை முறுக்கும் ஆசனங்கள், நீராவி அறை ஆகியவை உங்களுக்கு வேண்டாம். பயிற்சியோடு சேர்த்து விற்கப்படும் பெயர் தெரியாத மூலிகைப் பொடிகளும் வேண்டாம். இருமலுக்கு வீட்டில் சாதாரணமாக மெல்லத் தரும் அதிமதுரம் இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது, கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியது என்பது பலருக்குத் தெரிவதில்லை. தலைவலிக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலிமாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

நேரில் ஒரு ஆளிடம் கற்றுக்கொள்ள விரும்பினால், தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே போகும்போது கர்ப்பகாலப் பதிவு அட்டையைக் கையோடு கொண்டுபோய், எத்தனை வாரம், என்ன அழுத்தம், என்ன மாத்திரை என்பதை முதலிலேயே காட்டுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அந்த ஒரு சொல்லை மட்டும் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்காமல் ஏற்காதீர்கள்.

பயிற்சி செய்கிறவர்கள் விழுகிற ஒரு குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்து எழுந்த உடனே கருவியைக் கட்டிப் பார்த்தால் 122/78 என்று காட்டும்; மகிழ்ச்சியாக இருக்கும்; அதையே நோட்டில் எழுதிவைப்பார்கள். அந்த எண் நாள் முழுவதும் உங்கள் இரத்தக் குழாய்கள் தாங்கிக்கொண்டிருக்கும் அழுத்தம் அல்ல, அந்த அரை மணி நேரத்துக்கானது. அதை நம்பி மருத்துவர் மாத்திரையைக் கூட்டாமல் விட்டால் ஆபத்து உங்களுக்குத்தான். ஆகவே பயிற்சிக்கு முன்பு அளந்து எழுதுங்கள். காலையும் மாலையும் ஒரே நேரத்தில், சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, கால்மேல் கால் போடாமல், கையை இதய மட்டத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறையும் அளந்து, இரண்டையும் எழுத வேண்டும். மேற்கையின் சுற்றளவு 33 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரிய கைப்பட்டை தேவை. சிறியதைக் கட்டினால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். கடையில் கிடைக்கும் எல்லாக் கருவிகளும் கர்ப்பிணிகளிடம் சோதிக்கப்பட்டவை அல்ல. அடுத்த முறை போகும்போது உங்கள் கருவியையும் எடுத்துச் சென்று, மருத்துவமனைக் கருவியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் இரண்டு முறை தொடர்ந்து 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள். 160/110-ஐ எட்டினால், அதில் ஓர் எண் மட்டும் எட்டினாலும், மூச்சுப் பயிற்சி செய்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு நிமிடமும் உட்காராதீர்கள். 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில் இவ்வளவு கடுமையான அழுத்தமுள்ள 894 கர்ப்பிணிகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், நான் மேலே சொன்ன மூன்று மாத்திரைகளில் எதைக் கொடுத்தாலும் முக்கால்வாசிப் பேருக்கோ அதற்கும் மேலானவர்களுக்கோ ஆறு மணி நேரத்துக்குள் அழுத்தம் கட்டுக்கு வந்தது. மருந்து அந்த நேரத்தில் செய்வதைப் பயிற்சியால் செய்ய முடியாது. அழுத்தம் எவ்வளவாக இருந்தாலும், விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது அல்லது பார்வை மங்குவது, வலப்பக்க விலாவுக்குக் கீழே அல்லது நெஞ்சுக்குழியில் வலி, மூச்சுத் திணறல், முகமும் கைகளும் திடீரென வீங்குவது, சிறுநீர் குறைவது, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் உடனே போக வேண்டும். நெஞ்சுக்குழி வலியை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது நம் வீடுகளில் வழக்கம். அந்த வழக்கம் இந்தக் கர்ப்பத்தில் வேண்டாம்.

அம்மா செய்யும் இரண்டையும் அன்பாக நிறுத்தச் சொல்லுங்கள். முன்சூல்வலிப்பைத் தடுக்க உப்பைக் குறைப்பதையும், வீட்டில் கட்டாயப் படுக்கை ஓய்வையும் உலக சுகாதார நிறுவனம் 2011-இலிருந்தே பரிந்துரைப்பதில்லை. அப்பளம், ஊறுகாய், கருவாடு, பொட்டல நொறுக்குத் தீனி ஆகியவற்றைத் தள்ளிவைத்துவிட்டு, மற்றபடி வீட்டுச் சமையலின் உப்போடு சாப்பிடலாம். உப்பில்லாத சோறு இறங்காமல் நீங்கள் பட்டினி கிடந்தால் குழந்தைக்குத்தான் நட்டம். நாளெல்லாம் படுத்தே கிடந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையும் ஆபத்து கர்ப்பத்தில் கூடும். மருத்துவர் தடுக்காதவரை வீட்டுக்குள் நடமாடலாம், மாலையில் அரை மணி நேரம் மெல்ல நடக்கலாம், மதியம் ஒரு மணி நேரம் இடப்பக்கம் சாய்ந்து ஓய்வெடுக்கலாம். பாலும் தயிரும் கேழ்வரகும் குறைவாகச் சாப்பிடுகிறவராக இருந்தால் சுண்ணாம்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள். அது குறைவாக உள்ள பெண்களிடம் முன்சூல்வலிப்பைக் குறைப்பதில் அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்க்காமல் வேறு வேளையில் போட வேண்டும்.

அக்காவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இரத்த அழுத்தத்தின் எண்ணைவிட அந்த நினைவு என்றே எனக்குப் படுகிறது. தளர்வுப் பயிற்சியால் உங்களுக்குக் கிடைக்கப்போகும் பெரிய பலனும் அங்கேதான். அந்தப் பயத்தை அர்த்தமற்றது என்று சொல்லித் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் உங்களுக்கு 24-ஆம் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், மாத்திரை தொடங்கிவிட்டார்கள், தொடர்ந்து பார்க்கிறார்கள். முன்சூல்வலிப்பு தீவிரமானால் வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்து 2002-இல் வெளியான ஆய்வு, அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதைக் காட்டியது. நீங்கள் பிரசவத்துக்குப் பதிவு செய்திருக்கும் மருத்துவமனையில் அந்த ஊசியும், இரத்த வங்கி வசதியும், குறைமாதக் குழந்தைக்கான தீவிரச் சிகிச்சைப் பிரிவும் உள்ளனவா என்று இப்போதே கேட்டுவையுங்கள். இல்லையென்றால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்த விவரம் கையில் இருந்தாலே பயம் பாதி அடங்கும். பயிற்சியைத் தொடங்கி இரண்டு வாரமாகியும் தூக்கம் வராமல், காரணமின்றி அழுகை வந்துகொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

இப்போது பழகும் நீண்ட வெளிமூச்சு பிரசவ வலியின்போதும் கைகொடுக்கும். வலி எழும்போது மூச்சைப் பிடித்து உடலை இறுக்கிக்கொள்வதைவிட, விடும் மூச்சோடு தோளைத் தளரவிடுவது எளிது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உடனிருக்கப் பெண் துணை ஒருவரை அனுமதிக்கிறார்கள். அம்மாவோ மாமியாரோ, பதற்றப்படாமல் உங்களோடு எண்ணிக்கொண்டிருக்கக் கூடியவர் யாரோ, அவரை இப்போதே இந்தப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதென்று மாத்திரையை நிறுத்திவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் அழுத்தம் பெரும்பாலும் உச்சத்துக்குப் போகும். வலிப்பு பிரசவத்துக்குப் பிறகும் வரலாம். வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பச்சை உடம்பு என்று வெளியே விடாவிட்டாலும், அந்த வாரம் முழுவதும் தினமும் இரண்டு முறை அழுத்தத்தை அளந்து எழுதுங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளத் தகுந்த மாத்திரைகள் இருப்பதால் அதற்காகவும் நிறுத்த வேண்டியதில்லை. அடுத்த கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது இந்தக் கர்ப்பத்தின் சீட்டுகளை எடுத்துக்கொண்டு முன்கூட்டியே மருத்துவரைப் பாருங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்பதை 12-ஆம் வாரத்தை ஒட்டி முடிவுசெய்து, 16-ஆம் வாரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும்.